சேன்த் ழெனெவியேவில் ஒரு பழைய வீடு

"அமெரிக்காவில் பழைய வீடு என்ன இருக்கப்போகிறது? நம் ஈஸ்வரன் கோயில் தெருத் திண்ணைகளுக்கே அதைவிட வயது அதிகம்" என்று நான் புறப்படுமுன் என் சகலை கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இது நடந்தது 2017-ல். திரும்பி வந்ததும் அவரிடம் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். மீதியை இப்போது எழுதுகிறேன்.

என் இரண்டாவது மகள் மிஸ்ஸூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கிறாள். ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய எஃகு வளைவையும் பூங்காவையும் காட்டி முடித்தபின், ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, தெற்கே 100 கிலோமீட்டர் போனால் பழைய பிரெஞ்சு ஊர் ஒன்று இருக்கிறதாம், உங்களுக்குப் பிடிக்கும்" என்று காரை எடுத்தார். மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள சின்ன ஊர் அது. பலகையில் பெயரைப் படித்ததும் நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி "சேன்த் ழெனெவியேவ்" என்றேன். மாப்பிள்ளை, "இங்கே எல்லோரும் செயின்ட் ஜெனவீவ் என்றுதான் சொல்வார்கள்" என்று திருத்தினார். பாரிஸ் நகரத்தின் காவல் தெய்வமான புனிதையின் பெயர் அது. எங்கள் பள்ளிக் கன்னிகாஸ்திரி கேட்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

அங்கே நான் பார்த்தது லூயி போல்துக் என்பவரின் வீடு. வீட்டுக்குள் போகுமுன் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது எனக்கும் அந்த ஊருக்கும் உள்ள கணக்கு.

எங்களுக்குப் பள்ளியில் பிரான்சு தேசத்துச் சரித்திரம்தான் முதலில் வந்தது. அதில் 1763-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கை முக்கியமான பாடம். நமக்கு அதில் ஒரு வரிதான் ஞாபகம்: புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. 1761 ஜனவரியில் லாலி சரணடைந்தபின் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ழான் லா த லொரிஸ்தோன் வந்து அந்த இடிபாடுகளைப் பெற்றுக்கொண்டு மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். இன்று நாம் சுண்ணாம்புச் சுவரும் காகிதப்பூவுமாகப் படம் பிடிக்கும் வெள்ளை நகரத்தின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவைதான்.

அதே உடன்படிக்கையின் மற்ற வரிகளை நாங்கள் மனப்பாடம் செய்ததோடு சரி. கனடா போயிற்று. மிஸ்ஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலமெல்லாம் ஆங்கிலேயருக்குப் போயிற்று. மேற்குக் கரையை அதற்கு முந்தைய வருஷமே, 1762-ல், ஸ்பெயினுக்கு இரகசியமாகக் கொடுத்து விட்டிருந்தார்கள். நமக்கு ஊர் திரும்பக் கிடைத்த அதே 1765-ல், அக்டோபர் மாதம், சேன்த் ழெனெவியேவுக்கு மேலே எதிர்க்கரையில் இருந்த ஷார்த்ர் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி ஆங்கிலேயரிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

இன்னொரு உறவும் உண்டு. நம் லொரிஸ்தோனின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, அப்பாவுடன் பிறந்தவர், ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர். காகிதப் பணமும் பங்குப் பத்திரமும் அச்சடித்துப் பிரான்சையே ஆட்டிவைத்து 1720-ல் கவிழ்ந்தாரே, அவரேதான். அவர் 1717-ல் ஆரம்பித்த மிஸ்ஸிஸிப்பிக் கும்பினி இரண்டே வருஷத்தில் இந்தியக் கும்பினியோடு ஒன்றாகிவிட்டது. ஆகவே 1731-ல் லூயிசியானாவை ராஜாவிடம் திருப்பிக் கொடுக்கும் வரை, ஒரு பன்னிரண்டு வருஷம், அந்த ஆற்றங்கரைக்கும் நம் கடற்கரைக்கும் ஒரே முதலாளி. ஒரே பேரேட்டில் இரண்டு ஊரின் வரவு செலவும் ஏறியிருக்கும். முப்பத்தெட்டு வருஷம் பேரேடுகளோடு காலம் தள்ளியவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி ஊர். 1750-ஐ ஒட்டி, எதிர்க்கரையில் இருந்த காஸ்காஸ்கியா ஊரிலிருந்து குடியானவர்கள் ஆற்றைக் கடந்து வந்து குடியேறினார்கள். கரையோர வண்டல் மண்ணில் கோதுமை விளைந்தது. பக்கத்தில் உப்பு ஊற்று இருந்தது. உள்ளே போனால் ஈயச் சுரங்கம். வயலைப் பெரிய வயல் என்ற பொருளில் 'க்ரான் ஷான்' என்றார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒல்லியான நீண்ட பட்டைகளாகப் பிரித்து, நடுவில் வேலி போடாமல், சுற்றிலும் ஒரே பொது வேலி. நம் ஏரிப் பாசன ஊர்களின் கரைக்கணக்கு எனக்கு நினைவு வந்தது. 1765-க்குப் பிறகு ஆங்கிலேயரின் கீழ் இருக்கப் பிடிக்காத பிரெஞ்சுக்காரர்கள் பலர் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.

வண்டல் தரும் ஆறு வெள்ளமும் தருமல்லவா? 1785-ல் வந்த வெள்ளம் பழைய ஊரை மூழ்கடித்தது. அந்த வருஷத்துக்கே 'பெருந்தண்ணீர் வருஷம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பின் சிறுகச் சிறுக மேட்டுப்பக்கம் நகர்ந்து இன்றைய ஊரைக் கட்டிக்கொண்டார்கள். தாய் ஊரான காஸ்காஸ்கியாவுக்கு அந்த யோகம் இல்லை. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரமாக இருந்த ஊர் அது. 1881-ல் மிஸ்ஸிஸிப்பி தடம் மாறியபோது அதை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிட்டது.

போல்துக் வீடு இந்தப் புதிய ஊரில் எழுந்தது. அதன் வயது 1770 என்று முன்னே சொல்லிவந்தார்கள். பழைய ஊரில் இருந்த வீட்டைப் பிரித்து மரங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்ற பேச்சும் உண்டு. பிற்பாடு மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்து, 1790-களின் ஆரம்பம் என்று தள்ளிவைத்தார்கள். இருபது வருஷம் குறைந்துபோனதில் ஊராருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மரம் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள்.

லூயி போல்துக் கனடாவிலிருந்து வந்தவர். வியாபாரம், ஈயம், விவசாயம் மூன்றும் அவர் தொழில். கனடாவில் பிறந்தவர், ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியில், பிரெஞ்சு முறையில் கட்டிய வீடு. இதைத்தான் இன்று 'ஆரம்பகால அமெரிக்க வீடு' என்று பலகை வைத்துக் காட்டுகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்கா என்றால் கப்பலில் வந்த ஆங்கிலேயர்களும் அவர்களுடைய மரக்குடிசைகளும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

மரக்குடிசை என்றதும் நம் கண்ணில் வருவது, கட்டைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். இங்கே அப்படி இல்லை. கட்டைகள் நிற்கின்றன. கோடாலியால் சதுரமாகச் செதுக்கிய கனமான ஓக் மரங்களை ஏறக்குறைய அரையடி இடைவெளி விட்டு வரிசையாக நட்டு, இடைவெளியில் வைக்கோல் பிசைந்த களிமண்ணை அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிடுகிறார்கள். அந்த அடைப்புக்கு 'பூசியாழ்' என்று பெயர். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் வைக்கோல் துணுக்கு எட்டிப் பார்க்கிறது. என் தாத்தாவின் கிராமத்து வீட்டுச் சுவரும் இதேதான், நடுவில் ஓக் மரம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

நிற்கும் கட்டைகளில் இரண்டு வகை. கட்டையின் அடியை நேரே மண்ணில் புதைத்தால் அது 'மண்ணில் நட்ட தூண்'. சீக்கிரம் கட்டலாம், ஆனால் உளுத்துப்போகும். அதனால் அதற்குச் செவ்விய செடார் மரத்தைத் தேடுவார்கள். போல்துக் வீடு இரண்டாவது வகை. தரையில் கல்லால் அடித்தளம் போட்டு, அதன்மேல் நீளமான அடிக்கட்டையைக் கிடத்தி, அதன்மேல்தான் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஈரம் நேரடியாக ஏறாது. செலவு அதிகம், ஆயுளும் அதிகம்.

என்னை நிறுத்திவைத்தது கூரை. நான்கு பக்கமும் சரியும் கூரை, நடுவில் செங்குத்தாக உயர்ந்து, ஓரங்களில் சாய்வு குறைந்து, தொப்பியின் விளிம்பு போல அகலமாக இறங்குகிறது. ஓடு கிடையாது. ஓடு போல வெட்டிய மரத்துண்டுகள். உள்ளே அதைத் தாங்கும் உத்தரமும் கைமரமும் பிரான்சில் நொர்மாந்திப் பக்கத்துத் தச்சர் முறை என்கிறார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, இன்னொன்றில் துளையிட்டு நுழைத்து, குறுக்கே மர ஆணி அடிப்பது. இரும்பு அரிதான ஊரில் இதுதான் வழி.

கீழே இறங்கும் அந்த விளிம்பு வீட்டைச் சுற்றித் தாழ்வாரமாகிறது. அவர்கள் 'கலெரி' என்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. நொர்மாந்தியில் அப்படி இல்லை, கனடாவின் பழைய வீடுகளிலும் இல்லை, ஆகவே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லூயிசியானா வழியாக ஆற்றில் மேலேறி வந்தது என்று ஒரு கட்சி. யார் கண்டுபிடித்தால் என்ன, அதன் உபயோகத்தை அங்கே உட்கார்ந்ததும் புரிந்துகொண்டேன். செப்டம்பர் வெயில் நம் ஊர் வெயில் போலவே காய்ந்தது. தாழ்வாரத்தில் காற்று வந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றை வழிகாட்டி அம்மையார் சொன்னார். மழை நேராகச் சுவரில் அடித்தால் களிமண் அடைப்பு கரைந்துவிடும். அகலமான கூரை விளிம்பு சுவருக்குக் குடை பிடிக்கிறது. மண்சுவர் வீட்டுக்குத் தாழ்வாரம் அழகுக்காக அல்ல, உயிருக்காக. நம் மேஸ்திரிகளிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

உள்ளே நடுவில் அகலமான நடை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய அறை. அவ்வளவுதான் வீடு. பெரிய பணக்காரர் வீடு இது என்று சொன்னபோது என் பேரன் நம்பவில்லை, "படுக்கை அறை எங்கே?" என்று தேடினான். அந்தக் காலத்தில் அங்கே ஒரே அறையில் கட்டில், சாப்பாட்டு மேஜை, கணப்படுப்பு எல்லாம். வீட்டைச் சுற்றிக் கூர் சீவிய கட்டைகளை நெருக்கமாக நட்ட வேலி. பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கிறது. பகைவனைவிட அது தடுத்தது பெரும்பாலும் ஊர் மாடுகளையும் பன்றிகளையும்தான். வேலிக்குள் மூலிகைத் தோட்டம்.

அந்த ஊர் வீடுகளுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய ஒரு நல்ல சாட்சி உண்டு. ஹென்றி மரி பிராக்கன்ரிட்ஜ் என்ற பையன். அப்பா பிட்ஸ்பர்க் நகரத்து வக்கீல். மகன் பிரெஞ்சு கற்க வேண்டும் என்பதற்காக, ஏழு வயதில் அவனை ஆற்றின் வழியாக இந்த ஊருக்கு அனுப்பி, பொவே என்ற குடும்பத்தில் தங்கவைத்தார். போல்துக் வீடு எழுந்த அதே காலம். பையனுக்கு ஒரு வார்த்தை புரியாது. சில மாதங்களில் பிரெஞ்சு வந்துவிட்டது, ஆங்கிலம் மறந்துவிட்டது. பெரியவனானபின் எழுதிய நினைவுகளில், முன்னும் பின்னும் தாழ்வாரம் உள்ள தாழ்ந்த நீண்ட வீட்டையும், மாடிப்படி என்பதே அபூர்வமாக இருந்ததையும், கூர் சீவிய செடார் வேலியையும், தன்னைச் சொந்தப் பிள்ளையாக நடத்திய அந்த வீட்டு அம்மாளையும் சொல்கிறார். நான் இந்தப் பையனை நினைத்துக்கொண்டே அந்த வீட்டில் நடந்தேன். என்னையும் ஐந்து வயதில், வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய என்னை, ஒரு காலையில் கொண்டுபோய்ப் பிரெஞ்சுக்குள் உட்காரவைத்தார்கள். முதல் மூன்று மாதம் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும் வாக்கியம் தெரியாமல் பட்ட பாட்டை முன்னொரு பதிவில் எழுதியிருக்கிறேன்.

அந்தக் குடிகளின் சட்டமும் பிரெஞ்சுச் சட்டம்தான், பாரிஸ் வழக்கச் சட்டம். சம்பாதித்த சொத்தில் மனைவிக்குப் பாதி. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஒருவர் இறந்தால் நொத்தேர் வந்து வீட்டில் உள்ள கரண்டி, கட்டில், கிழிந்த போர்வை வரை பட்டியல் எழுதி விலை போடுவார். கல்யாணத்துக்குமுன் ஒப்பந்தம், அதுவும் நொத்தேர் முன்னால். ஸ்பெயின்காரர் ஆண்ட காலத்திலும் ஊர்க் காகிதங்கள் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டன. அந்தக் காகிதங்கள் நிறையத் தப்பிப் பிழைத்ததால்தான், இந்த வீடுகளில் என்னென்ன சாமான் இருந்தன என்று இன்று ஊகம் இல்லாமல் சொல்ல முடிகிறது. நான் பத்திரப்பதிவுப் பிரிவில் இருந்தபோது பழைய நொத்தேர் பத்திரங்களைக் கட்டுக் கட்டாகப் புரட்டியவன். 'கடுதாசி தின்னும் பூச்சி' என்று வீட்டில் எனக்குப் பெயர். காகிதம் வீட்டைவிட நீண்டநாள் வாழும் என்று அப்போது யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தப் பட்டியல்களில் கரண்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் மனிதர்கள் பெயரும் விலையோடு வருகிறது. போல்துக் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்தது. அந்த ஓக் மரங்களைச் செதுக்கிய கைகளும், களிமண்ணை மிதித்த கால்களும் பெருமளவு யாருடையவை என்று யோசிக்க வேண்டும். 1724-ல் லூயிசியானாவுக்கென்று எழுதிய 'கறுப்புச் சட்டம்' இதற்கெல்லாம் விதி வகுத்திருந்தது. நமக்குத் தொடர்பில்லாத பாவம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் கரையிலிருந்து ஏழைகளைப் பிடித்தும் ஏமாற்றியும் மொரீசு தீவுக்கு அடிமைகளாக ஏற்றியதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார். அதே கும்பினிக் காலம்தான்.

சேன்த் ழெனெவியேவின் ஓரத்தில் 1792-ல் கட்டிய இன்னொரு வீடு இருக்கிறது, மண்ணில் நட்ட தூண் வகை. அமெரிக்க நாடு முழுவதும் அந்த வகையில் இன்று மிஞ்சியிருப்பவை ஐந்து, அவற்றில் மூன்று இந்த ஊரில். அந்த வீட்டில் பின்னாளில் அமுரே என்ற வெள்ளைக்காரரும் பெலாழி என்ற அவர் மனைவியும் வாழ்ந்தார்கள். பெலாழி அடிமையாகப் பிறந்தவர், பிறகு விடுதலை பெற்றவர். அவர்கள் கல்யாணத்தை மாநிலச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் அதே ஊரில், அதே வீட்டில், குடும்பமாக வாழ்ந்து முடித்தார்கள். போல்துக் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் கதையில் பாதிதான் கிடைத்திருக்கும்.

கொடிகள் மாறின. 1800-ல் ஸ்பெயின் அந்த நிலத்தை இரகசியமாகப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1803-ல் நெப்போலியன் அதை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார். 1804 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் ஸ்பெயின் கொடியை இறக்கி, பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, மறுநாளே அதையும் இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றினார்கள். அந்த ஒரு நாளைக்காவது மூவர்ணக் கொடி பறக்கட்டும் என்று குடிகள் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். போல்துக் தம் வீட்டுத் தாழ்வாரத்தை விட்டு ஒரு அடி நகராமலே ஸ்பெயின் குடியாக இருந்து அமெரிக்கக் குடியானார். நம்மில் வயதானவர்களுக்கு இது புதிதா? 1954 நவம்பர் 1-ல் ஒரு கொடி இறங்கிற்று, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு சொல்தா கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

இனி முக்கியமான கேள்வி. வீடு எப்படித் தப்பியது?

முதல் காரணம், ஊர் முன்னேறாமல் போனது. செயின்ட் லூயிஸ் வளர்ந்தது, அதனால் அங்கே பிரெஞ்சுக்கால வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் அண்ணாந்து பார்த்த எஃகு வளைவு நிற்கும் இடத்தில் 1939-லிருந்து 1942 வரை சுமார் 40 தெருக்கட்டுகளை இடித்துத் தள்ளினார்கள், பிரெஞ்சு வீடுகள் அதற்கும் முன்பே போயிருந்தன. சேன்த் ழெனெவியேவில் இடித்துக் கட்ட யாருக்கும் அவசரமும் இல்லை, பணமும் இல்லை. பல பழைய வீடுகளின்மேல் பலகை அடித்து, புகைபோக்கியை மாற்றி, சாதாரண வீடு போலாக்கி அதிலேயே குடியிருந்தார்கள். போர்வைக்குள் பழைய தூண்கள் பத்திரமாக இருந்தன.

இரண்டாவது காரணம், ஒரு அரசாங்கக் குறிப்பு. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தால் மன்னிக்கவும். 1933-ல், பொருளாதார மந்தத்தில் கட்டட வரைவாளர்கள் வேலையின்றித் திண்டாடியபோது, தேசியப் பூங்காத் துறையில் இருந்த சார்லஸ் பீட்டர்சன் என்பவர் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இவர்களைக் கொண்டு நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைக்கலாம் என்று. குறிப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, வேலை உடனே தொடங்கியது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. பீட்டர்சன் பிறகு செயின்ட் லூயிஸ் பக்கம் வந்து இந்த ஊர் வீடுகளைக் கவனமாக ஆராய்ந்து, 1941-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஒரு கோப்புக் குறிப்பால் இவ்வளவு ஆயிற்று. நான் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளில் ஒன்றாவது... சரி, விடுங்கள்.

மூன்றாவது காரணம் பொறுமையும் பணமும். வீடு தலைமுறைகளாகப் போல்துக் சந்ததியிடமே இருந்தது. அதன்பின் பெண்கள் சங்கம் ஒன்று வாங்கி, 1956-57-ல் எர்னஸ்ட் ஆலன் கொனலி என்ற கட்டடக்கலை வல்லுநரைக் கொண்டு பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 1970-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. 1993-ல் மிஸ்ஸிஸிப்பி மறுபடி பொங்கியபோது ஊர்மக்களும் வெளியூர்த் தொண்டர்களும் படைவீரர்களும் வாரக்கணக்கில் மணல் மூட்டை அடுக்கி ஊரைக் காத்தார்கள். பிறகுதான் பெரிய கரை கட்டினார்கள்.

வழிகாட்டி அம்மையார் இதைச் சொல்லிவந்தபோது நான் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். தாத்தா கட்டியது. தெருப்பக்கம் திண்ணை, மரத்தூண் தாழ்வாரம், உள்ளே முற்றம், மெட்ராஸ் டெரஸ் மாடி. அண்ணன் தம்பி நான்கு பேர். பங்கு பிரிக்க முடியாத வீடு என்றார் வக்கீல். விற்றுப் பணத்தைப் பிரித்தோம். பதிவு அலுவலகத்தில் எனக்குப் பழக்கமான மேஜையிலேயே, எனக்குப் பழக்கமான முத்திரை மையிலேயே, நானும் கையெழுத்துப் போட்டேன். இன்று அந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். தூண்களைப் பழைய சாமான் வியாபாரி வாங்கிப் போனான். அவற்றில் இரண்டு எங்கோ ஒரு ஓட்டல் வாசலில் நிற்பதாகத் தம்பி சொன்னான், நான் போய்ப் பார்க்கவில்லை.

வீடு நின்றுவிட்டது, மொழி நிற்கவில்லை. 1804-க்குப் பின் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வந்தார்கள், 1840-களில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். பிரெஞ்சு வீட்டுக்குள் ஒதுங்கியது. உள்ளே தள்ளி, ஈயச் சுரங்கப் பக்கத்து ஊர்களில் மட்டும் அது நெடுநாள் பிழைத்தது. 1930-களில் ழோசெஃப் மெதார் காரியேர் என்ற பேராசிரியர் அங்கே போய், கிழவர்கள் சொன்ன கதைகளை அவர்கள் பேச்சிலேயே எழுதி 1937-ல் புத்தகமாக்கினார். இப்போது அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அன்று போல்துக் வீட்டில் என்னைத் தவிரப் பிரெஞ்சு தெரிந்தவர் யாரும் இல்லை. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சில் படித்தவன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். வழிகாட்டி அம்மையார் உடனே வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் காட்டி, "இதை எப்படி உச்சரிப்பது?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு சிறு நோட்டில் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டார். 'கலெரி', 'பூசியாழ்', 'பொத்தோ'. பத்து வயதுக்குள் கற்ற உச்சரிப்பு, வீட்டில் கேட்க ஆளில்லாமல் கிடந்தது, அங்கே உபயோகமாயிற்று. பேரன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

வருஷக் கடைசி இரவில் அந்த ஊரில் ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆண்கள் வேஷம் போட்டுக்கொண்டு, பிடிலோடு வீடு வீடாகப் போய்ப் பழைய பிரெஞ்சுப் பாட்டொன்றைப் பாடுவார்கள். 'கியானே' என்கிறார்கள். பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பொருள் தெரியாது, அப்பா பாடியதைக் கேட்டு வாயில் ஏற்றிக்கொண்டது. அடுத்த ஜனவரியில் மகள் அதை யாரோ பதிவு செய்ததைத் தேடி எனக்கு வாட்சப்பில் அனுப்பினாள். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு நான்கு முறை கேட்டேன். முக்கால்வாசி புரிந்தது. புதுவருஷத்துக்கு எஜமானரிடமும் எஜமானியிடமும் இனாம் கேட்கும் பாட்டு. புரிந்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, புரியாத இரண்டு இடத்தில் கோடு போட்டு, மகளுக்குத் திருப்பி அனுப்பினேன். அந்த இரண்டு இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.